இருநூறு ஜோடிச் சிலிப்பரும் ஒரு லாபிஸ் வேனும்

ஜோகூர் பாருவின் பழைய கடைவீதியில், ஒரு கடைவீட்டு வாசலில், என் நாத்தனார் ராஜம்மா வெறுங்காலுடன் நின்று என்னை வரவேற்றாள். பட்டுப் புடவை, தலை நிறைய மல்லிகை, கையில் ஆரத்தித் தட்டு. பெரிய காரியம் ஒன்றை முடித்துவிட்ட திருப்தி முகத்தில் வழிந்தது.

"வாங்க அண்ணி. நல்ல வேள நாங்க மொதல்ல வந்தோம். உள்ள பாக்கணுமே, ஒரே சிலிப்பரா கெடந்துச்சு. ஒன்னு முன்னால, ஒன்னு பின்னால. வர்றவங்க என்ன நெனப்பாங்க? எல்லாத்தையும் ஜோடி சேத்து, செவத்தோரமா அழகா அடுக்கி வெச்சிட்டோம்."

உள்ளே கிடந்த சிலிப்பர்கள்தாம் கண்காட்சி. அதைச் செய்தவள் என் மகள் ஷாமினி.

அதோடு போகவில்லை. லாபிஸ் ஊரிலிருந்து வேன் பிடித்து வந்த எங்கள் சொந்தக்காரர்கள் பதினாறு பேரும் தங்கள் சிலிப்பர்களையும் கழற்றி அதே வரிசையில் வைத்திருந்தார்கள். அவர்களைப் பார்த்து, பின்னால் வந்த இரண்டு வெள்ளைக்காரர்களும் சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு மாடிக்குப் போயிருந்தார்கள்.

நம் ஆட்களைக் குறை சொல்ல முடியாது. கோயில், கிளினிக், பக்கத்து வீடு, டியூஷன் சென்டர், எங்கே வாசலில் நாலு சிலிப்பர் கிடந்தாலும் நம் கால் தானாகக் கழற்றிவிடும். மூளையைக் கேட்பதே இல்லை.

வரவேற்பு மேசையில் ஒரு சீன அம்மாள் இருந்தார். அவர் தடுக்கவில்லையா என்று கேட்பீர்கள். இது ஏதோ நிகழ்த்துக்கலை என்று நினைத்து, முழுவதையும் கைத்தொலைபேசியில் படம் எடுத்திருக்கிறார். கடைசியில் கைகூடத் தட்டினாராம்.

ஷாமினி மாடிப்படிப் பக்கம் நின்றிருந்தாள். அரை மணி நேரம் சாப்பிடப் போனவள் திரும்பி வந்து பார்த்த காட்சி இது. கத்தியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் மெதுவாகத்தான் பேசினாள்.

"மூணு மணிக்கு அவங்க வர்றாங்கம்மா."

அப்போது மணி ஒன்றரை.

கலை வாரம் என்றால்

போன வாரம் இந்தப் பத்தியில் பள்ளிக்கூட மணியைப் பற்றி எழுதியதற்கு லாபிஸிலிருந்து ஒரு வாசகி போன் செய்து, "ஊர்ல உள்ளதெல்லாம் எழுதுறீங்க, எங்களப் பத்தி ஒரு வரி உண்டா?" என்று கேட்டார். அந்த வாசகி ராஜம்மாதான். அதனால் இந்த வாரம் அவளுக்கு வரிகளைத் தாராளமாகவே ஒதுக்கியிருக்கிறேன். படித்த பிறகு வருத்தப்பட்டால் நான் பொறுப்பில்லை.

கலை வாரம் என்பது எனக்கும் புதிது. ஒரு வாரம் முழுக்க நகரத்தில் மூடிக் கிடந்த கடைவீடுகளைத் திறந்து, ஒவ்வொன்றிலும் ஒருவர் எதையாவது வைத்திருப்பார். கையில் வரைபடம் கொடுப்பார்கள். போகுமிடமெல்லாம் ஒரு முத்திரை குத்துவார்கள். எல்லா முத்திரையும் சேர்ந்தால் ஒரு துணிப் பை. பைக்காகவே நான் முதல் நாள் பதினோரு இடம் ஏறி இறங்கினேன்.

ஓரிடத்தில் இருட்டறையில் கடல் ஓடிக்கொண்டிருந்தது. அலை வந்தது, போனது. பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "எப்ப ஆரம்பிக்கும்?" என்று அங்கிருந்தவரிடம் கேட்டேன். நாற்பது நிமிடமாக ஓடிக்கொண்டிருப்பதாக மரியாதையாகச் சொன்னார். நானும் மரியாதையாக இன்னும் ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்து எழுந்து வந்தேன்.

இன்னோரிடத்தில் ஒருவர் உப்பைக் குவித்து வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் வீட்டில் உப்பு தீர்ந்துபோனது நினைவுக்கு வந்தது. கலை ஏதோ ஒன்றை நினைவூட்ட வேண்டும் என்று ஷாமினி சொல்வாள். எனக்கு அது வேலை செய்தது.

ஆனால் அவளுடையது எனக்குப் புரிந்தது. தினமும் ஜோகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்த் திரும்பும் மனிதர்களிடம் பழைய சிலிப்பர், சப்பாத்து கேட்டு வாங்கினாள். இருநூறு ஜோடி. வாசலிலிருந்து பின்சுவர் வரைக்கும் தரையில் வைத்தாள். எல்லாம் தெற்கே, சிங்கப்பூர்ப் பக்கம், பின்சுவரைப் பார்த்தபடி. நடப்பதுபோல ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே. சுவரில் ஒரு நீளமான வெள்ளைக் கோடு. அதுதான் பாலம். அவ்வளவுதான். முதல் நாள் அதைப் பார்த்தபோது விடியற்காலை நெரிசல் சத்தம்கூட எனக்குக் கேட்டது.

மூன்று மணிக்கு வரப்போகிறவர் பினாங்கில் பெரிய கண்காட்சி நடத்தும் ஓர் அம்மாள். இங்கே பார்ப்பதில் ஒன்றை அங்கே கொண்டுபோவார். வேலையை விட்ட பிறகு ஷாமினிக்குத் திறந்த முதல் கதவு அது. மறுநாள் அவர் ஊருக்குத் திரும்பிவிடுவார்.

விளையாட்டு

"இவர்" என்று நான் எழுதினால் அது என் வீட்டுக்காரர் சுப்பிரமணியம். பழைய வாசகர்களுக்குத் தெரியும், புதிதாக வந்தவர்களும் தெரிந்துகொள்ளுங்கள்.

இருபத்து மூன்று வருடம் இவர் சிங்கப்பூர்க் கப்பல் பட்டறையில் வெல்டர். விடியுமுன் கூலாயில் எங்கள் வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் கிளம்புவார். கனத்த பூட்ஸ் அங்கே லாக்கரிலேயே இருக்கும். பாலத்தைக் கடந்ததெல்லாம் சிலிப்பர்தான்.

நெரிசலில் வண்டி ஓடாது. இடது காலை ஊன்றி உந்தி உந்தித் தள்ள வேண்டும். அதனால் எந்தச் சிலிப்பர் வாங்கினாலும் இடதுகாலில் மட்டும் பெருவிரல் பக்கம் கரைந்துவிடும், வலது புதிதாகவே இருக்கும். கடைசியாக வாங்கியது பழுப்புத் தோல், இரண்டு வார் வைத்தது. ரிட்டையரான பிறகும் அதையேதான் போட்டுக்கொண்டிருந்தார். வார் அறுந்தபோது மீன் பிடிக்கும் நைலான் நூலால் அவரே தைத்தார். அதைத் தூக்கிப் போடச் சொல்லி நான் பேசியதை எல்லாம் சேர்த்தால் தனித் தொடராகவே வரும்.

ஒரே மகள். பொறியியல் படித்தாள், சிங்கப்பூரிலேயே குளிர்சாதன அறையில் வேலை. நாலு வருடம் போனாள். ஒருநாள் விட்டுவிட்டு வந்து நின்றாள்.

இவர் அன்று ஒரே ஒரு தடவைதான் பேசினார். "நான் அந்தப் பாலத்துல நின்னு நின்னு கால் போனது எதுக்கு? நீ குந்தி வேல பாக்கணும்னுதான. இப்ப வேலய விட்டுட்டு வெளையாடப் போறியா?"

அன்றோடு சரி. அவள் படம் வரைந்தாலும் விளையாட்டு, ஆணி அடித்தாலும் விளையாட்டு. 'வேலை' என்ற சொல் அவள் விஷயத்தில் இவர் வாயிலிருந்து வரவே இல்லை. இருவரும் ஒரே மேசையில் சாப்பிடும்போதுகூட பேச்செல்லாம் என் வழியாகத்தான் போகும்.

"அவகிட்ட சொல்லு, கொழம்பு சூடா இருக்குன்னு."

"கேட்டுச்சுன்னு சொல்லுங்கம்மா."

இதில் ஒருநாள், பாலம் கடந்தவர்களின் சிலிப்பர் தேவைப்படுவதாகச் சொல்லி, முதல் ஆளாக அப்பாவிடம்தான் கேட்டாள். நேராக, என்னை நடுவில் வைக்காமல். இவர் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"நான் இன்னும் உசுரோடதான இருக்கேன்? செருப்ப கண்காட்சியில வைக்கிற அளவுக்கு என்னா ஆயிட்டேன்?"

அவள் மறுபடி கேட்கவில்லை. நர்ஸ் கொடுத்தார், பஸ் ஓட்டுநர் கொடுத்தார், சமையல்காரர் கொடுத்தார். இருநூறு சேர்ந்தது. "மொதல்ல கேட்ட ஜோடிதாம்மா இல்ல" என்று என்னிடம் மட்டும் சொன்னாள். எனக்கு அன்று இவர் மேல் வந்த கோபத்துக்கு இரண்டு நாள் ரசத்தில் உப்புப் போடவில்லை.

ராஜம்மா கூட்டம் வந்த அன்று கண்காட்சிக்குக் கூட்டிப்போகச் சொன்னபோது இவர் மறுக்கவில்லை. கடைவீட்டுக்கு எதிரே மரத்தடியில் காரை நிறுத்தினார். இறங்கத்தான் மாட்டேன் என்றார்.

"நான் காடியிலயே இருக்கேன். வெளையாட்டு முடிஞ்சதும் வா."

கணினி அறை வாசல்

இந்த இடத்தில் என் பெருமையைக் கொஞ்சம் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

தமிழ்ப்பள்ளியில் நான் எழுத்தராக இருந்த காலத்தில் பிள்ளைகளுக்கெல்லாம் வெள்ளைக் கான்வாஸ் சப்பாத்து. கணினி அறைக்குள் போகுமுன் கழற்ற வேண்டும். முப்பது பிள்ளைகள், ஒரே கடையில் வாங்கிய ஒரே மாதிரிச் சப்பாத்து. வகுப்பு முடிந்ததும் வாசலில் ஒரு சண்டை நடக்கும். அந்த வாசல் என் மேசைக்கு நேர் எதிரே.

சண்டை பொறுக்காமல் நானே பிரித்துக் கொடுக்க ஆரம்பித்தேன். குதிகாலை இழுத்து நடக்கிற பிள்ளை, கல்லை உதைக்கிற பிள்ளை, சைக்கிளில் வருகிற பிள்ளை, எல்லாம் அடிப்பாகத்தில் எழுதியிருக்கும். எந்தத் தோட்டத்திலிருந்து வருகிறது என்பது மண்ணில் தெரியும். பல வருடம் இதைப் படித்திருக்கிறேன். யாரும் சான்றிதழ் தரவில்லை.

"எல்லாரும் படியில போய் ஒக்காருங்க. எதையும் தொடக் கூடாது" என்றேன். பள்ளிக்கூடக் குரல் தானாக வந்தது. லாபிஸ் பதினாறும் வரிசையாகப் போய் உட்கார்ந்தது. வெள்ளைக்காரர்கள் மாடியிலிருந்து இறங்கி வந்தார்கள். அவர்களும் உட்கார்ந்தார்கள்.

செம்மண்ணும் கறுப்பு மண்ணும்

குப்புறத் திருப்பிப் பார்த்ததும் பாதி வேலை முடிந்தது. ராஜம்மா வீட்டு முன்னால் செம்மண் பாதை. காலையில் மழையில் நனைந்து வேன் ஏறியிருக்கிறார்கள். லாபிஸ் சிலிப்பர் எல்லாம் அடியில் சிவப்பு. ஷாமினி வாங்கிய சிலிப்பர்களை அவள் கழுவவே இல்லை. அதெல்லாம் அடியில் கறுப்பு, புகையும் எண்ணெயும் படிந்த கறுப்பு.

ஒவ்வொன்றாக எடுத்து ஆளைக் கூப்பிட்டேன். பின்வாரை மிதித்தே நடந்து நசுக்கிய தங்கநிறச் சிலிப்பரை ராஜம்மாவிடம் நீட்டினேன். அது தன்னுடையது இல்லை என்று சாதித்தாள். போட்டுப் பார்த்ததும் அவளுடையதாகிவிட்டது.

ராஜம்மாவின் கணவர் மாணிக்கத்தின் காலில் மட்டும் ஏற்கெனவே சப்பாத்து இருந்தது. வெள்ளைச் சப்பாத்து.

"அது நர்ஸ் குடுத்தது" என்றாள் ஷாமினி.

"என்னோடதுன்னு நெனச்சேன் லா. மெத்து மெத்துன்னு இருந்துச்சு" என்றார் மாணிக்கம்.

"காலையில கறுப்பு சிலிப்பர் போட்டுட்டு வேன் ஏறுன ஆளு" என்றாள் ராஜம்மா. அவர் மனமில்லாமல் கழற்றிக் கொடுத்தார்.

ஷாமினி முதல் நாள் எடுத்த படத்தைப் பார்த்துப் பார்த்து வைக்கத் தொடங்கினாள். நாங்கள் கைமாற்றிக் கொடுத்தோம். ராஜம்மாவுக்கு வாய் சும்மா இருக்காது. இது யாரோடது, அது யாரோடது என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டாள். ஷாமினியும் பதில் சொன்னாள். இது ஓட்டல் சமையல்காரர், நாளெல்லாம் நின்றே இருப்பார். இது ஒரு அக்கா, பிள்ளை எழுந்திருக்குமுன் கிளம்பிவிடுவார், தூங்கிய பிறகுதான் வருவார்.

பத்துப் பதினைந்து ஜோடிக்குப் பிறகு ராஜம்மாவின் குரல் இறங்கிவிட்டது. "எங்க அண்ணனும் இப்பிடித்தான் போய்க்கிட்டு இருந்துச்சு" என்றாள். "ஏம்மா, தெரியாம கை வெச்சிட்டேன். அத்த மேல கோவமா?"

"இல்லத்த. இது அந்தக் கோட்டுக்கிட்ட வைக்கணும், குடுங்க."

அந்த நேரத்தில்தான் இவர் வாசலில் வந்து நின்றார். காடியில் எவ்வளவு நேரம்தான் இருப்பார்? சிலிப்பரைக் கழற்றப் போனவரை ராஜம்மா பாய்ந்து தடுத்தாள்.

"அண்ணே, கழட்டாத. இங்க கழட்டக் கூடாது. கழட்டுனா கலை கெட்டுப்போயிரும்." ஒன்றரை மணி நேரத்துக்கு முன்னால் ஊரையே கழற்ற வைத்தவள் அவள்.

"இன்னும் வெளையாட்டு முடியலயா?" என்றார் இவர், யாரையும் பார்க்காமல். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சிலிப்பர்களின் ஓரமாகவே நடந்து பின்சுவர் வரைக்கும் போனார். அங்கே கொஞ்ச நேரம் நின்றார். நான் ஒரு பூட்ஸின் ஜோடியைத் தேடிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது ஆளைக் காணவில்லை.

ஒரு ஜோடி அதிகம்

மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. ஷாமினி படத்தையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அம்மா, ஒரு ஜோடி கூட இருக்கு."

"லாபிஸ்துதான் இருக்கும்" என்றேன். பதினாறு பேரும் காலைத் தூக்கிக் காட்டினார்கள். வெள்ளைக்காரர்களும் காட்டினார்கள். எல்லார் காலிலும் இருந்தது.

கடைசி வரிசையில், வெள்ளைக் கோட்டுக்கு நேர் கீழே, பழுப்புத் தோல் சிலிப்பர். நாங்கள் வைத்ததைவிட ஒழுங்காக, இடது முன்னே, வலது பின்னே, சுவரைப் பார்த்து. வாரில் நைலான் தையல்.

ஊரில் உள்ளவர் காலை எல்லாம் படித்தவள் நான். என் வீட்டுக்காரர் வெறுங்காலோடு என்னைத் தாண்டி வெளியே போனதைப் பார்க்கவில்லை.

ஷாமினி அதன் பக்கத்தில் குந்தினாள். இடதைக் கையில் எடுத்து, கரைந்துபோன பெருவிரல் பக்கத்தைக் கட்டைவிரலால் தடவினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கவும் இல்லை.

"ஐயோ, இது அண்ணனோடதாச்சே. மறந்துட்டுப் போயிருச்சு போல. குடு, நான் ஓடிப் போய்க் குடுத்துட்டு வந்துர்றேன்" என்று ராஜம்மா எழுந்தாள்.

"ராஜம்மா, நீ ஒக்காரு" என்றேன். என் குரலுக்கு மாணிக்கமும் சேர்ந்து உட்கார்ந்தார்.

ஷாமினி அந்த ஜோடியை அதே இடத்தில் வைத்தாள். ஆனால் வாசலைப் பார்த்துத் திருப்பி வைத்தாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில், வீட்டில் கழற்றிப் போடுவதைப்போல.

பினாங்கு அம்மாள் சரியாக மூன்று மணிக்கு வந்தார். குட்டையான முடி, பெரிய மூக்குக்கண்ணாடி. இரண்டு தடவை சுற்றி வந்தார். கடைசி வரிசையில் நின்று, எல்லாம் அந்தப் பக்கம் பார்க்க இது மட்டும் ஏன் இந்தப் பக்கம் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"அது என் அப்பாவுடையது" என்று ஷாமினியும் ஆங்கிலத்தில் சொன்னாள். "இருபத்து மூன்று வருடம் அந்தப் பக்கம் போனார். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார்."

அந்த அம்மாள் தலையாட்டினார். பிறகு படியில் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்த கூட்டத்தைப் பார்த்து, இவர்களும் படைப்பில் சேர்த்தியா என்று கேட்டார். ராஜம்மாவுக்கு என்ன புரிந்ததோ, எழுந்து போய் முறுக்கு டின்னை நீட்டினாள். அவர் இரண்டு எடுத்துக்கொண்டார்.

ஷாமினியின் சிலிப்பர்கள் பினாங்குக்குப் போயின. இவருடையதும் போனது. இவர்தான் இன்னும் பினாங்கைப் பார்த்ததில்லை.

காடியில்

அன்று நான் வெளியே வந்தபோது தார் ரோடு கொதித்தது. இவர் காடிக்குள் ஏர்கான் குளிர்காற்றைக் கால் பக்கம் திருப்பிவைத்து உட்கார்ந்திருந்தார்.

"சிலிப்பர் எங்க?" என்றேன்.

"தொலஞ்சிருச்சு."

"எங்க தொலஞ்சுது?"

"அங்கதான். ஒங்க கூட்டம் பண்ண கூத்துல எவனாச்சும் மாத்திப் போட்டுட்டுப் போயிருப்பான்."

நான் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினேன். அவரே ஆரம்பித்தார்.

"எல்லாம் அடுக்கியாச்சா? வெச்சது வெச்ச எடத்துல இருக்கா?"

"கடைசி வரிசையில ஒரு ஜோடிய மட்டும் திருப்பி வெச்சிட்டா."

"ஏன்? சரியாத்தான இருந்துச்சு? எல்லாம் செவத்தப் பாத்துத்தான இருக்கு?"

தொலைந்துபோன சிலிப்பரைப் பற்றி மனிதருக்கு எவ்வளவு விவரம் தெரிந்திருக்கிறது.

"வாசலப் பாத்து வெச்சிருக்கா. அப்பா வீட்டுக்கு வந்துட்டாருன்னு அந்தம்மாகிட்ட சொன்னா."

இவர் குனிந்து தன் இடது காலைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது கண் சிவந்திருந்தது. ஏர்கான் காற்று என்று நான் கேட்காமலே சொன்னார்.

பிறகு, "அவளுக்கு வேல எத்தன மணிக்கு முடியும்?" என்றார்.

என் காதில் சரியாகவே விழுந்தது. இன்னொரு தடவை கேட்க வேண்டும் போலிருந்தது. "என்னாது?" என்றேன்.

"வேல லா. வேல எத்தன மணிக்கு முடியும்னு கேட்டேன். இருந்து, சாப்பிடக் கூட்டிட்டுப் போயிருவோம்."

"ஏழு மணிக்கு."

அப்போது மணி மூன்றரை. இவர் என்ஜினை அணைத்துவிட்டு, கண்ணாடியை இறக்கி, சீட்டைச் சாய்த்துக்கொண்டார்.